கரியாலூர்க் குளத்தின் ஒரு பகல்

கல்வராயன் மலைக்குப் போய்வந்தவர்களிடம் அங்கே எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், மேகம் அருவி, பெரியார் அருவி, கவ்வியம் அருவி என்று அருவிகளின் பெயர்களையே அடுக்குவார்கள். கரியாலூரில் படகு விடும் குளம் ஒன்று இருப்பதும், அங்கே சிறுவர் பூங்கா ஒன்று இருப்பதும், குழந்தைகளோடு போனவர்களின் பேச்சில் மட்டும், அதுவும் கடைசியில்தான், வந்து சேரும். அருவிக்கு இயற்கையாகவே ஒரு கம்பீரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அருவிகள் இளைத்துப் பாறையோடு பாறையாய் ஒட்டிக்கொண்டிருந்த சமயத்தில், என் தங்கையின் குடும்பத்தோடு அந்த மலைக்குச் சென்று, வேறு வழியின்றி அன்றையப் பகல் முழுவதையும் அந்தக் குளத்தின் கரையிலேயே கழிக்க நேர்ந்தபோது, அசையாமல் கிடக்கும் ஜலத்தைப் பற்றி நான் கொண்டிருந்த அபிப்பிராயங்கள் பலவும் மாறிப்போயின.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரையில் கரும்பும் மரவள்ளியும் நெல்லும் மாறி மாறி வரும் சமவெளி. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகிவிட்ட கள்ளக்குறிச்சியின் சந்தடியெல்லாம் பின்னே தங்கிவிட, கோமுகி அணையின் பக்கத்திலிருந்து மலை எழும்பத் தொடங்குகிறது. வளைவுகள் சில கடந்ததும் காற்றின் உஷ்ணம் குறைவதைக் கன்னத்திலேயே உணரலாம். பத்து வயதான என் தங்கை மகள், "மாமா, மேல போகப் போக சூரியனுக்குக் கிட்டத்தானே போறோம், அப்புறம் ஏன் குளிருது?" என்று கேட்டாள். சூரியன் நேராகக் காற்றைச் சூடேற்றுவது மிகச் சொற்பம்; அது முதலில் தரையைச் சூடேற்ற, தரைதான் தன்மேல் படிந்த காற்றைச் சூடேற்றுகிறது. சூடான காற்று மேலே எழும்போது அதன்மேல் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையவே அது விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன்னுள் இருக்கும் உஷ்ணத்திலிருந்தே செலவழிக்கிறது. இவ்வாறு ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் குறைந்துகொண்டு போகும். கல்வராயனின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரமுள்ளது. ஆகவே கீழே நெற்றி வியர்க்கும் வேளையில் மேலே ஒரு துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றுவதில் வியப்பில்லை.

சவ்வாது மலை, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றோடு சேர்த்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியாக எண்ணப்படும் இந்த மலையின் பாறைகளுள் முக்கியமானது சார்னோக்கைட் என்பது. பூமியின் ஆழத்தில் கடும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் உருவான இந்தக் கருமை கலந்த பாறைக்குப் பெயர் வந்த வரலாறு விசித்திரமானது. கல்கத்தாவின் தொடக்க வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் இட்டுவிட்டார். நம் தமிழ்நாட்டு மலைகளின் கல் ஒன்று வங்காளத்துக் கல்லறை வழியாக உலகத்துப் புத்தகங்களில் ஏறிற்று. இத்தகைய பாறை எளிதில் ஜலத்தை உள்ளே விடுவதன்று. அதன் வெடிப்புகளிலும், அது சிதைந்து மண்ணாகிய மேற்புறத்திலும், அந்த மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் மரங்களின் வேரடியிலும் தங்கும் மழைதான், மழை நின்று பல வாரங்களுக்குப் பின்னும், பள்ளங்களில் சிறிது சிறிதாகக் கசிந்து வருகிறது.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் கேழ்வரகும் விதைத்து, கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து வாழ்கிறவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, கேரள நாட்டோடு சம்பந்தமுடையதன்று. காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்தார்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. ஜாகீர்தார்களின் வசத்தில் இருந்த இந்த மலையை அரசாங்கம் தன் நேரடி நிர்வாகத்தில் கொண்டுவந்தது 1976ஆம் ஆண்டில்தான் என்பதை நினைக்கையில், இன்று நாம் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு படகில் ஏறி உல்லாசமாகச் சுற்றிவரும் இடம் எவ்வளவு அண்மைக் காலம்வரை வெளியுலகத்துக்குத் தூரமாக இருந்தது என்பது விளங்கும்.

நாங்கள் குளத்தை அடைந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். காற்று இல்லை. மரங்களின் நிழல் தண்ணீரில் தலைகீழாய் நின்றது. குளம் தூங்குகிறது என்றுதான் எவரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினொரு மணிக்குப் படகில் ஏறினோம். மிதவைச் சட்டை அணிந்த குழந்தை, படகின் விளிம்பில் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தவள், "மேல வெதுவெதுன்னு இருக்கு மாமா, விரல் நுனி மட்டும் சில்லுனு இருக்கு" என்றாள். படகோட்டி ஒரு சுருள் கயிறு கொடுத்தார். ஒரு கண்ணாடிப் புட்டியின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையால் வாயை அடைத்து, தக்கைக்கு வேறொரு கயிறு கட்டி, புட்டியை அடிவரை இறக்கித் தக்கையைச் சுண்டி இழுத்தோம். குமிழிகள் வந்தன, புட்டி நிறைந்தது. மேலே கொண்டுவந்து தொட்டால், படகின் பக்கத்தில் அள்ளிய தண்ணீருக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை குழந்தையின் விரலுக்கே தெரிந்தது. ஒரே குளத்தில், ஒரே வேளையில், இரண்டு வகைத் தண்ணீர். அவை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன.

இந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதில்தான் ஜலத்தின் சுபாவம் அடங்கியிருக்கிறது. சூரிய ஒளியில் சிவப்பும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பும் மேல்மட்டத்திலேயே உறிஞ்சப்பட்டு உஷ்ணமாகிவிடுகின்றன. சூடான ஜலம் எடை குறைந்தது. ஆகவே அது மேலேயே மிதக்கும், குளிர்ந்தது கீழே தங்கும். ஆனால் நம் நாட்டுக் குளங்களுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜலத்தின் அடர்த்தி மிக அதிகமாக இருப்பது 4 டிகிரியில். அங்கிருந்து 5 டிகிரிக்கு ஏறும்போது ஒரு கன மீட்டர் ஜலத்தின் எடை சுமார் 8 கிராமே குறைகிறது. அதே ஜலம் 25லிருந்து 26 டிகிரிக்கு ஏறும்போதோ சுமார் 260 கிராம் குறைகிறது. முப்பது மடங்குக்கும் மேல்! குளிர்தேசத்து ஏரியில் பல டிகிரி வித்தியாசம் செய்யும் காரியத்தை நம் குளத்தில் ஒரே ஒரு டிகிரி செய்துவிடுகிறது. ஆதலால்தான் ஆள் உயரத்துக்குச் சற்று மேலான ஆழமுள்ள குளங்கூட, காற்று வீசாத ஒரு நண்பகலில், மேலது கீழதோடு கலக்காதபடி இரண்டாகப் பிரிந்து நிற்க முடிகிறது.

ஏரிகளைப் பற்றிய ஆராய்ச்சியை ஒரு தனி விஞ்ஞானமாக நிலைநாட்டிய சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஃபொரெல், ஜெனீவா ஏரியின் கரையில் ஆயுள் முழுவதையும் செலவிட்டவர். ஏரி என்பது ஒரு தேங்கிய நீர்ப்பரப்பு மட்டுமல்ல, தனக்கென உஷ்ணமும் ஒளியும் அலையும் உயிர்வாழ்வும் உடைய முழுமை என்று அவர் கண்டார். கரியாலூர்க் குளம் ஜெனீவா ஏரிக்கு முன்னால் ஒரு துளி. எனினும் அந்த ஏரி ஆண்டு முழுவதும் ஆடும் நாடகத்தை இத்தகைய சிறு குளம் ஒரே நாளில் ஆடி முடித்துவிடுகிறது. பார்க்க வந்தவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

புட்டியில் வந்த அடித்தண்ணீரில் சேற்று மணம் இருந்தது. அது வெறும் சேற்றின் மணமன்று, பிராணவாயு குறைந்துபோனதன் அடையாளம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 25 டிகிரி உஷ்ணமுள்ள நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக் கூடியதோ 8 மில்லிகிராம் அளவுதான். மீன்கள் இந்த வறுமையிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. அந்தச் சிறிதளவும் இருவழியாகத்தான் குளத்துக்குள் வருகிறது: மேற்பரப்பில் காற்று தொடுமிடத்தில் கரைவது ஒன்று, வெளிச்சம் எட்டும் ஆழம்வரை பாசிகளும் நீர்ச்செடிகளும் உணவு சமைக்கையில் வெளியிடுவது மற்றொன்று. இரண்டுமே மேலடுக்கின் செல்வங்கள். நண்பகலில் குளம் இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, இந்தச் செல்வம் கீழே இறங்க வழியில்லை. அடியிலோ, விழுந்த இலைகளையும் மடிந்த உயிர்களையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கும் பிராணவாயுவைத் தின்று தீர்க்கின்றன. அது தீர்ந்த இடத்தில், அது இல்லாமலே வாழத் தெரிந்த வேறு நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொண்டு மீத்தேன் என்னும் வாயுவை விடுகின்றன. கரையோரச் சேற்றில் கோலை ஊன்றினால் குமிழிகள் கிளம்புவதைச் சிறு வயதில் பார்க்காதவர் யார்? மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டாதான், 1776ஆம் ஆண்டில் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக் கரையில் அந்தக் குமிழிகளைப் புட்டியில் பிடித்து, அவை எரியும் வாயு என்று நிரூபித்தவர். சிறு குளம்தானே என்று இதை அலட்சியம் செய்வதற்கில்லை. 2016இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, ஒரு ஏக்கரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்புள்ள குட்டைகள், உலகத்து ஏரி குளங்களின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 8.6 பங்கே ஆயினும், அவை அனைத்திலிருந்தும் கரைந்து வெளியேறும் மீத்தேனில் நூற்றுக்கு 40.6 பங்கு இந்தக் குட்டைகளுடையது.

மத்தியானச் சாப்பாடு கரையில் ஒரு மரத்தடியில் நடந்தது. அங்கே எங்களுக்கு விருந்தாளிகள் தட்டாரப்பூச்சிகள். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது நம் கிராமத்து நம்பிக்கை. ஆனால் அன்று அவை தாழவும் உயரவும் பறந்துகொண்டிருந்தன, மழைக்கான அறிகுறி ஏதும் வானில் இல்லை. ஆகாயத்துப் பிராணியாக நாம் எண்ணும் இந்தத் தட்டான், தன் வாழ்வின் முதற்பகுதியை ஜலத்தின் அடியில் கழிக்கிறது என்பதைக் குழந்தை நம்பவே மறுத்தாள். நாணல் தண்டொன்றில் ஒட்டிக்கொண்டிருந்த வெறும் கூட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்: முதுகு வெடித்து உள்ளிருந்தவன் பறந்துபோன பின் எஞ்சிய சட்டை அது. ஜலத்தில் வாழும் காலத்தில் அந்தப் புழுப்பருவத்துத் தட்டான் மலவாய் வழியாகத் தண்ணீரை உள்ளிழுத்து, அங்குள்ள செவுள்களால் சுவாசித்து, ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீறிட்டு அடித்து முன்னே பாய்கிறது. மடித்து வைத்த கீழுதட்டை இமைப்பொழுதில் நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வுகிறது. கொசுவுக்கு மருந்தடிக்க ஓடும் நாம் இந்தக் காவலாளியை ஒரு நாளும் நினைப்பதில்லை.

அன்று எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டவற்றுள் மஞ்சள் கலந்த வகை ஒன்று இருந்தது. உலகெங்கும் காணப்படும் அந்த இனத்தைப் பற்றி மாலத்தீவில் வாழ்ந்த உயிரியல் அறிஞர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. நல்ல தண்ணீர்க் குளமே ஏறக்குறைய இல்லாத அந்தப் பவழத் தீவுகளில், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இலட்சக்கணக்கான தட்டான்கள் வந்து இறங்குவதேன் என்று பல ஆண்டுகள் கவனித்த அவர், அவை தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டு, பருவக்காற்றின் உயர்மட்ட ஓட்டத்தில் மிதந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்லுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். போவது ஒரு தலைமுறை. திரும்புவது அதன் வாரிசுகள். மழை பெய்து நிறையும் குட்டைகளில் முட்டையிட்டு, ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் வளர்ந்து, அடுத்த மழையைத் தேடிப் பறக்கும் அந்தப் பூச்சிக்கு, நம் மலைகளிலும் ஊர்களிலும் உள்ள சிறு குளங்கள் கண்டங்களுக்கு இடைப்பட்ட தங்குமிடங்கள் என்றே சொல்லவேண்டும். ஒரு குட்டை தூர்ந்துபோனால் நமக்கு ஒரு குட்டைதான் போயிற்று. கடல் தாண்டும் பிராணிக்கு எது போகிறது என்பதை நாம் கணக்கிடுவதில்லை.

சாப்பாடு முடிந்ததும் குழந்தை பையிலிருந்து ஒரு பொட்டலம் பொரியை எடுத்துக்கொண்டு கரையோரம் நின்றாள். "மீனுக்குப் போடட்டுமா மாமா?" என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கை பொரி விழுந்துவிட்டது. மீன்கள் திரண்டு வந்தன. அவளுக்கு ஆனந்தம். குளத்துக்குப் போகும் நாம் அனைவரும் செய்வதுதான் இது. கோவில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதைப் புண்ணியம் என்றே வளர்ந்தவர்கள் நாம். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தப் பொரி என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிராம் பொரியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அது மீனின் உடலிலோ நுண்ணுயிரின் உடலிலோ முழுவதும் எரிந்து தீர்வதற்கு ஏறக்குறைய நூறு கிராம் பிராணவாயு வேண்டும். லிட்டருக்கு 8 மில்லிகிராம் வீதம் பார்த்தால், இது ஏறக்குறைய 12,500 லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு முழுவதற்கும் சமம். தெருவில் நாம் பார்க்கும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. காற்றிலிருந்து புதிதாய்க் கரைவதால் இந்தக் கடன் மெல்ல அடைபடும் என்பது உண்மையே. ஆனால் விடுமுறை நாளில் ஒரு பொட்டலமா விழுகிறது?

மாவுச்சத்தின் கணக்கு அதோடு முடிந்துவிடும். முடியாத கணக்கு ஒன்று உண்டு. உணவிலுள்ள கரி, கரியமிலவாயுவாகி ஆகாயத்துக்குப் போய்விடும். நைட்ரஜனுக்கும் வாயு உருவம் உண்டு. பாஸ்பரஸுக்கோ அப்படிப் பறந்துபோகும் வழி இல்லை. குளத்துக்குள் வந்த பாஸ்பரஸ், பாசியில் ஏறி, பூச்சியில் ஏறி, மீனில் ஏறி, மடிந்து அடிச்சேற்றில் இறங்கி, அங்கே பிராணவாயு தீர்ந்த வேளையில் சேற்றிலிருந்து விடுபட்டு மறுபடி ஜலத்தில் கரைந்து, மறுபடி பாசியாகிறது. ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி கடல் நுண்பாசிகளில் கண்ட விகிதப்படி, ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி 106 கரி அணுக்கள் சேர்கின்றன. எடையில் சொன்னால், ஒரு கிராம் பாஸ்பரஸ் 41 கிராம் கரியை உடைய பாசியை வளர்க்கும்.

இதை உலகம் கண்ணால் கண்டு நம்பியது 1973இல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226 என்ற எண்ணுடைய ஒன்றை, டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் நடுவில் ஒரு திரையிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதிகளிலும் கரியும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைக் கஞ்சியாய் மாறிற்று. மற்றப் பாதி தெளிவாகவே நின்றது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கவேண்டும் என்ற வாதத்துக்கு ஆயிரம் பக்கத்து அறிக்கையைவிட அதிக வலிமை தந்தது. நம் குளங்களில் யாரும் திரை கட்டவில்லை. ஆனால் சோப்பு நுரையும், எச்சில் இலையும், மீந்த சோறும், கரையோர வயலின் உரமும், சோதனையின் அந்தப் பச்சைப் பாதியைத்தான் ஊருக்கு ஊர் உண்டாக்கிவருகின்றன.

குளத்தின் தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1865இல் ரோமாபுரியின் பாதிரியாரும் வானசாஸ்திரியுமான செக்கி, மத்தியதரைக் கடலில் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, அவை எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று பார்த்தார். இன்றும் உலகத்து ஏரி ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தட்டைக் கைவிடவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வெள்ளைத் தட்டும் முடிச்சுப் போட்ட கயிறும் கொண்டு, மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் இறக்கிப் பார்த்துக் குறித்துவந்தால், அந்தக் குளத்தின் ஜாதகமே அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிடும். சுற்றுலாப் போகும் வகுப்புகளில் ஒன்றாவது இதைச் செய்யவேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனிதர் ஏன் குளக்கரையைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அன்று அங்கே வந்தவர்களில் எவரும் உஷ்ண அடுக்கைப் பார்க்க வரவில்லை, உட்கார வந்தார்கள். அந்த உட்காருதலுக்கும் விஞ்ஞானத்தில் இடம் உண்டு. 1984இல் ராஜர் உல்ரிச் என்பவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரையே கண்டவர்களைவிட ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வலி போக்கும் கடுமையான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. சிறிய ஆராய்ச்சிதான், அதன்மேல் பெரிய கோட்டை கட்டக்கூடாது. ஆனாலும் மரத்தடியில் கண்ணை மூடி அரைமணி நேரம் சாய்ந்திருந்த என் தங்கையின் முகத்தைப் பார்த்தபோது, உல்ரிச் சொன்னதை நம்ப எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மாலை ஐந்து மணிக்குமேல் மலைக்காற்று எழுந்தது. தலைகீழாய் நின்ற மரங்கள் கலைந்தன. இந்த மலையில் விழும் மழை பொட்டியம், கல்படை முதலிய ஓடைகளில் இறங்கிக் கோமுகியாகி, 1965இல் கட்டி முடிந்த அணையில் தேங்கி, பிறகு மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது என்று குழந்தைக்குக் கையால் திசைகாட்டிச் சொன்னேன். பொட்டலத்தில் மீந்திருந்த பொரியை அவள் தானாகவே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "கோமுகி டேம்ல போடலாமா?" என்று சற்று நேரம் கழித்துக் கேட்டாள். நான் வேண்டாமென்று தலையசைக்க, "அங்கயும் அதே தண்ணிதான்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றாய் எடுத்துத் தானே தின்னத் தொடங்கினாள்.

படகுகளைக் கரையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் குளத்தின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. ஒரு கிராம் ஜலம் ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது; மேகமற்ற வானத்துக்கும் குளம் தன் உஷ்ணத்தைக் கதிராக வீசிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பு குளிர்கிறது, குளிர்ந்த ஜலம் எடை கூடி, கண்ணுக்குத் தெரியாத இழைகளாய்க் கீழே இறங்குகிறது, கீழிருந்தது மேலே வருகிறது. பகலெல்லாம் மேலடுக்கில் சேர்த்துவைத்த பிராணவாயு அப்போதுதான் அடிச்சேற்றுக்கு எட்டுகிறது. எங்கள் வண்டி பெரியார் அருவியின் பக்கத்து வளைவில் திரும்பியபோது நன்றாக இருட்டிவிட்டது. குழந்தை என் மடியில் தூங்கிப்போயிருந்தாள். மேலே, ஆளில்லாத குளத்தில், அன்றைய வெயிலில் பிரிந்து நின்ற இரண்டு தண்ணீர்களும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருக்கும்.